பிள்ளைகளும் இணையமும்: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏழெட்டு வயதிலிருந்து 17 வரையுள்ள பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கும் அவர்களுக்கு வகுப்பெடுப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். அந்தரங்கப் படத்தை வைத்து யாரோ மிரட்டும் அவசரத்தில் இருந்தால், மற்றதை விட்டுவிட்டு "படத்தை வைத்து மிரட்டுகிறார்கள்" என்ற கேள்விக்கு நேராகப் போங்கள்.

எந்த வயதில் பேச ஆரம்பிப்பது?

சொந்த போன் கைக்கு வருவதற்கு முன்பே. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு மூன்று விஷயம் தெரிந்தால் போதும். விளையாட்டுச் சாட்டில் முழுப்பெயர், பள்ளி, வீட்டு முகவரி சொல்லக்கூடாது. பயமாகவோ அசிங்கமாகவோ ஏதாவது திரையில் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பெரியவரைக் கூப்பிட வேண்டும். அப்படி வந்தது உன் தப்பில்லை. இந்த மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் சொல்ல மறக்கிறார்கள்.

பத்து வயதுக்கு மேல் குரூப் சாட், பன்னிரண்டுக்கு மேல் படங்களும் நட்பு நெருக்கடிகளும், பதினான்குக்கு மேல் மிரட்டல், போலிப் படங்கள், சட்டம் என்று விரியும். ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து ஒரு மணி நேரம் உபதேசம் செய்தால் எதுவும் தங்காது. அவர்கள் போனில் ஏதோ காட்டும்போது, அந்த இடத்திலேயே இரண்டு நிமிடம் பேசுவது தங்கும்.

சமூக ஊடகத்துக்கு 13 வயது என்பது யார் வைத்த கணக்கு?

குழந்தை மனநல ஆய்வு எதுவும் கண்டுபிடித்த வயது அல்ல. 1998-இல் அமெரிக்கா இயற்றிய காப்பா சட்டம், 13 வயது நிரம்பாத பிள்ளைகளின் தகவலைச் சேகரிக்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றது. ஒப்புதல் வாங்கும் வேலையைத் தவிர்க்க, பெரும்பாலான தளங்கள் அந்த வயதுக்குக் கீழ் யாரும் வரவேண்டாம் என்று எழுதிவைத்துவிட்டன. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் அந்த வயதை 16 என்று வைத்து, நாடுகள் விரும்பினால் 13 வரை குறைக்கலாம் என்றது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு இல்லை.

நடைமுறையில் இதைவிட முக்கியமானது பொய் வயது. பத்து வயதுப் பையன் தனக்குப் பதினெட்டு என்று பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டால், அவனுக்கு நிஜமாகவே பதின்மூன்று ஆகும்போது தளத்தின் கணக்கில் இருபத்தொன்று. தெரியாதவர் செய்தி அனுப்பத் தடை, தானாகப் பூட்டிய கணக்கு, வயதுவந்தோர் விளம்பரங்களுக்கு வடிகட்டி என்று வளரிளம் வயதினருக்காக வைத்த எதுவும் அவனுக்கு வேலை செய்யாது. பழைய கணக்கில் பிறந்த தேதியைத் திருத்தப் பல தளங்கள் அடையாளச் சான்று கேட்கும். அந்தப் பாடு படுவதைவிடச் சரியான வயதில் புதுக் கணக்கு தொடங்குவது சுலபம். பின்தொடர்பவர்கள் போய்விடுவார்களே என்று பிள்ளை அழும், அதற்குத் தயாராக இருங்கள்.

நண்பர்கள் கலாய்ப்பதற்கும் துன்புறுத்தலுக்கும் கோடு எங்கே?

நார்வேயில் 1980-களில் பள்ளிக் கொடுமைக்கு எதிரான முதல் பெரிய திட்டத்தை வகுத்த உளவியலாளர் டான் ஓல்வேயஸ் மூன்று அடையாளம் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, இருவருக்கும் இடையே பலம் சமமாக இல்லாதது. இன்றைக்கும் இதுதான் அடிப்படை. ஆனால் போனுக்குள் வரும்போது இரண்டாவதையும் மூன்றாவதையும் கொஞ்சம் மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஒரு மாணவியின் முகத்தை வெட்டி ஸ்டிக்கர் செய்தவன் ஒரே ஒரு தடவைதான் செய்தான். அதை நாற்பது பேர் நாற்பது சமயங்களில் போடுகிறார்கள். செய்தவனுக்கு ஒரு தடவை, வாங்குபவளுக்கு நாற்பது. பலம் என்பதும் உடம்பிலோ வயதிலோ இல்லை. ஆள் எண்ணிக்கை, முகம் தெரியாத கணக்கு, கையில் இருக்கும் ஒரு படம், குரூப் அட்மின் பதவி ஆகிய நான்கும் இங்கே பலம்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை உண்டு. அவன் "போதும்டா" என்று சொன்னபிறகு நின்றதா? நின்றால் கலாய்ப்பு. நிற்காவிட்டால், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாலும் அது துன்புறுத்தல்தான். பாதிக்கப்பட்டவன் சிரிக்கும் ஸ்மைலி போடுவது பெரும்பாலும் தப்பிக்கும் வழி. "அவனே சிரிச்சானே சார்" என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எதையும் வீட்டில் சொல்வதே இல்லையே, ஏன்?

சொன்னால் போன் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். இதைவிட வலுவான காரணம் வேறில்லை. வெட்கமும், பெரியவர்கள் தலையிட்டால் இன்னும் மோசமாகும் என்ற பயமும் அடுத்தடுத்து வரும். அந்த இரண்டாவது பயம் பல சமயம் நியாயமானதும்கூட.

எனவே முதல் பத்து நிமிடத்தில் நீங்கள் நடந்துகொள்வதைப் பொறுத்தே அடுத்த முறை பிள்ளை வருமா வராதா என்பது முடிவாகிறது. "அம்மா, திட்ட மாட்டேன்னு சொல்லு, ஒண்ணு காட்டறேன்" என்று பிள்ளை வந்து நிற்கிறது. போனைப் பிடுங்காதீர்கள், அதுவே காட்டட்டும். "நீ ஏன் அந்தப் படத்தைப் போட்டே?" என்ற கேள்வி எழும், விழுங்கிக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த வாரம் நேரம் இருக்கும். முதலில் சொல்லவேண்டியது இவ்வளவுதான்: "சொன்னது நல்லதாப் போச்சு. போனை வாங்க மாட்டேன். உன்னைக் கேக்காம யாருக்கும் போன் பண்ண மாட்டேன்." பிறகு கேளுங்கள்: எப்போதிலிருந்து, யார் யாருக்குத் தெரியும், இன்று ராத்திரி எதை நினைத்துப் பயமாக இருக்கிறது?

இதில் ஒரு வரம்பு உண்டு. உயிருக்கு ஆபத்து, பெரியவர் ஒருவர் சம்பந்தப்பட்டிருப்பது, அந்தரங்கப் படம் ஆகிய மூன்றில் ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. "இதை நாம ரெண்டு பேர் மட்டும் வெச்சுக்க முடியாது, ஆனா யார்கிட்ட சொல்றோம்னு உன்னோட சேர்ந்து முடிவு பண்ணுவேன்" என்று அப்போதே சொல்லிவிடுங்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று பிள்ளை சொன்னாலோ எழுதியிருந்தாலோ தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரையோ உதவி எண்ணையோ அணுகுங்கள். அதை மிரட்டலாக எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்க்கிற விஷயம் இல்லை.

வாயால் சொல்லாத பிள்ளையிடம் பார்க்கவேண்டியவை: போன் அதிர்ந்ததும் முகம் மாறுவது, நீங்கள் அருகே வந்தால் திரையை அணைப்பது, பிடித்த விளையாட்டை அல்லது குரூப்பைத் திடீரென விட்டு விலகுவது, குறிப்பிட்ட ஒரு நாளில் மட்டும் பள்ளிக்குப் போக வயிற்றுவலி. ஒன்றை வைத்து முடிவுக்கு வராதீர்கள். இரண்டு மூன்று சேர்ந்து, முன்பு இல்லாமல் புதிதாக வந்திருந்தால் கேளுங்கள்.

ஆதாரத்தை எப்படிச் சேர்ப்பது?

பிளாக் செய்வதற்கு முன்னால். கோபத்தில் முதலில் பிளாக் செய்துவிட்டு, பிறகு அந்தப் பக்கத்தையே பார்க்க முடியாமல் தவிப்பதுதான் அதிகம் நடக்கிறது.

ஸ்கிரீன்ஷாட்டில் செய்தி, அனுப்பியவரின் பயனர்பெயர், தேதி, நேரம் நான்கும் தெரிய வேண்டும். மேலே தெரியும் பெயரையும் படத்தையும் எந்த நொடியிலும் மாற்றிக்கொள்ளலாம். அதனால் அவருடைய பக்கத்துக்குப் போய் பயனர்பெயரையும் இணைப்பையும் தனியாக எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பாக இருந்தால் பெயரைத் தட்டி, எண் தெரியும்படி ஒரு படம். நீளமான உரையாடலுக்குத் திரைப்பதிவை ஓடவிட்டு மெதுவாகக் கீழிருந்து மேலே தள்ளுங்கள். வெட்டி ஒட்டினது என்று பிறகு சொல்வது கடினம். தானாக மறையும் செய்திகளில் கவனம் வேண்டும். ஸ்னாப்சாட்டில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எதிராளிக்குத் தெரிந்துவிடும், இன்னொரு போனால் திரையைப் படமெடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போட்டு, ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள்: தேதி, நேரம், எந்தச் செயலி, என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், யாரிடம் சொன்னோம். பள்ளிக்கோ காவல்துறைக்கோ போகும்போது நூறு படங்களைவிட இந்த ஒரு பக்கம் அதிகம் உதவும்.

ஒன்றே ஒன்று விதிவிலக்கு. 18 வயது நிரம்பாத ஒருவரின் அந்தரங்கப் படமாக இருந்தால், அதை ஸ்கிரீன்ஷாட் எடுக்கவோ உங்கள் போனுக்கு அனுப்பிக்கொள்ளவோ தலைமையாசிரியருக்கு ஃபார்வர்டு செய்யவோ வேண்டாம். நல்லெண்ணத்தோடு செய்தாலும் பல நாடுகளில் வைத்திருப்பதும் பரப்புவதும் குற்றம். படம் தெரியாதபடி, அனுப்பியவரின் கணக்கு, இணைப்பு, மிரட்டல் வார்த்தைகள், நேரம் ஆகியவற்றை மட்டும் பதிவு செய்து, போனை அப்படியே அதிகாரிகளிடம் கொடுங்கள்.

பிளாக், ரெஸ்ட்ரிக்ட், ரிப்போர்ட்: எது எப்போது?

தெரியாத ஆள் என்றால் ரிப்போர்ட், பிளாக், முடிந்தது. சிக்கல் தினமும் வகுப்பில் பார்க்கும் ஆளிடம்தான். பிளாக் செய்தால் அவனுக்குத் தெரியும், மறுநாள் "பயந்துட்டியா" என்று வேறு வடிவில் தொடரும். இன்ஸ்டாகிராமில் இருக்கும் ரெஸ்ட்ரிக்ட் வசதி இதற்காகவே 2019-இல் வந்தது. அவன் போடும் கருத்து அவனுக்கு மட்டும் தெரியும், செய்தி கோரிக்கைப் பெட்டிக்குப் போய்விடும், நீங்கள் படித்தீர்களா, ஆன்லைனில் இருக்கிறீர்களா என்பதும் அவனுக்குத் தெரியாது. தான் தடுக்கப்பட்டது அவனுக்கு அறிவிக்கப்படாது.

வாட்ஸ்அப்பில் ஒருவரை ரிப்போர்ட் செய்தால் அவர் உங்களுக்கு அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும். எனவே மிரட்டல் வந்த கையோடு ரிப்போர்ட் செய்வதில் பொருள் உண்டு. நடுவில் இருபது "ஹாய்" வந்தபிறகு செய்தால் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது.

தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லை. கெட்ட வார்த்தையை ஆங்கில எழுத்தில் தட்டினால் தளங்களின் தானியங்கி வடிகட்டி பல சமயம் கோட்டை விடும். கருத்துகளில் குறிப்பிட்ட சொற்களை மறைக்கும் பட்டியல் வசதி இருந்தால், அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் பிள்ளைகள் எழுதும் மூன்று நான்கு விதங்களிலும் சேர்த்துவிடுங்கள். என்னென்ன விதம் என்று பிள்ளையையே கேளுங்கள், உங்களுக்குத் தெரியாது.

படத்தை வைத்து மிரட்டுகிறார்கள். இப்போது என்ன செய்வது?

பணம் கொடுக்காதீர்கள். இன்னொரு படமும் அனுப்பாதீர்கள். கொடுத்தால் நிற்பதில்லை, கொடுக்கும் ஆள் என்று தெரிந்து மறுபடி கேட்பார்கள்.

வரிசை இது. பதில் அனுப்புவதை நிறுத்துங்கள். உரையாடலை அழிக்காதீர்கள். மிரட்டல் வார்த்தைகள், கணக்குப் பெயர், பணம் அனுப்பச் சொன்ன விவரம் ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். தளத்தில் ரிப்போர்ட் செய்து, பிறகு பிளாக் செய்யுங்கள். உங்கள் நாட்டின் இணையக் குற்றப் பிரிவுக்கும் குழந்தைகள் உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். அன்றிரவு பிள்ளையைத் தனியாகத் தூங்க விடாதீர்கள்.

படம் பரவாமல் தடுக்க, 18 வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கு டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை 2023 முதல் இருக்கிறது. காணாமல் போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்காவின் தேசிய மையம் நடத்துவது, பிற நாட்டவரும் பயன்படுத்தலாம். பெயர் தர வேண்டாம். படம் போனை விட்டு வெளியே போகாது. போனுக்குள்ளேயே படத்திலிருந்து ஓர் எண்சரம் உருவாகி, அது மட்டும் போகும். சேர்ந்திருக்கும் தளங்கள் அதே எண்சரம் வரும் படத்தைத் தேடி நீக்கும். குறைகள் இரண்டு: இதில் சேராத தளங்களிலும், வெளியார் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்த தனிச் சாட்டுகளிலும் இது எட்டாது. படத்தை வெட்டி மாற்றினால் எண்சரமும் மாறிவிடக்கூடும். எண்சரம் எடுப்பதற்கு முன் மூலப் படத்தை அழித்துவிட வேண்டாம். 18 தாண்டியவர்களுக்கு ஸ்டாப் என்சிஐஐ என்ற சேவை இதே முறையில் இயங்குகிறது.

இந்த வலை எப்படி விரிகிறது என்பதைப் பையன்களுக்குக் குறிப்பாகச் சொல்லிக்கொடுங்கள். பணத்துக்காக நடக்கும் இந்த மிரட்டலில் அதிகம் சிக்குவது 14 முதல் 17 வயதுப் பையன்கள் என்று அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையே எச்சரித்திருக்கிறது. பள்ளி நண்பர்கள் சிலரை ஏற்கனவே பின்தொடரும் ஒரு பெண் கணக்கு வரும். சீக்கிரமே வேறு செயலிக்குக் கூப்பிடும். அது முதலில் ஒரு படம் அனுப்பி, பதிலுக்கு ஒன்று கேட்கும். அனுப்பிய சில நிமிடத்தில் உங்கள் நண்பர்கள் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டோடு தொகை வரும். "வேறு செயலிக்கு வா" என்பதும் "நான் அனுப்பிட்டேன், நீ?" என்பதும் இரண்டு சிவப்பு விளக்குகள். அந்த இரண்டு வாக்கியத்தை அடையாளம் காணப் பழக்கினாலே பாதிப் பாதுகாப்பு.

அனுப்பவே இல்லை, போலியாக உருவாக்கியிருக்கிறார்கள் என்றால்?

மேலே சொன்ன அதே வரிசை. செயற்கை நுண்ணறிவால் செய்த படம் என்பதால் காயம் குறைந்துவிடாது. "அதுதான் பொய்யாச்சே, ஏன் அழறே?" என்பது மிக மோசமான பதில். செய்தவன் சக மாணவன் என்றால் அவன் பெற்றோருக்கு இது விளையாட்டல்ல, பல நாடுகளில் குற்றம் என்று தெளிவாகச் சொல்லவேண்டும்.

பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் மற்ற பிள்ளைகளை என்ன செய்வது?

பாடத்தின் பெரும்பங்கு அவர்களுக்குத்தான் போகவேண்டும். நாற்பது பேர் வகுப்பில் செய்பவன் ஒருவன், வாங்குபவன் ஒருவன், மீதி முப்பத்தெட்டு பேர் பார்க்கிறார்கள். பின்லாந்தின் உளவியலாளர் கிறிஸ்டினா சால்மிவாலி 1996-இல் வெளியிட்ட ஆய்வு இப்படிப் பார்க்கும் பிள்ளைகளைப் பிரித்துக் காட்டியது: கூடச் சேர்பவர், சிரித்து ஊக்குவிப்பவர், ஒதுங்கி நிற்பவர், காப்பாற்ற வருபவர். பின்னாளில் அவர் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கிவா என்ற பள்ளித் துன்புறுத்தல் தடுப்புத் திட்டம் இதன்மேல் எழுந்தது. கனடாவில் பள்ளி மைதானங்களைப் படமெடுத்து ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டதில், சக மாணவர் குறுக்கிட்ட தடவைகளில் பாதிக்கு மேல், அதாவது 57 விழுக்காட்டில், துன்புறுத்தல் பத்து நொடிக்குள் நின்றுபோனது தெரிந்தது.

ஆனால் "தைரியமாக எதிர்த்து நில்" என்று சொல்லிவிட்டுப் போவது பொறுப்பற்ற அறிவுரை. குரூப்பில் தனியாக எதிர்த்தவன்தான் அடுத்த ஸ்டிக்கர். ஆபத்துக் குறைவானதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஸ்டிக்கரை அனுப்பாமல் இருப்பது, ஸ்மைலி போடாமல் இருப்பது. பாதிக்கப்பட்டவருக்குத் தனியாக "பாத்தேன், எனக்குப் பிடிக்கல, நாளைக்கு என்கூட உக்காரு" என்று ஒரு செய்தி. குரூப்பில் பேச்சை வேறு பக்கம் திருப்புவது. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து "இது வேணாம், எடுத்துடு" என்பது. பெரியவரிடம் சொல்வது. இதில் அந்தத் தனிச் செய்தியைத்தான் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஊரே சேர்ந்துவிட்டது என்று நினைத்திருந்த பிள்ளைக்கு அது ராத்திரியைத் தாண்ட உதவும்.

வகுப்பில் 40 நிமிடம் கிடைக்கிறது. என்ன செய்யலாம்?

ஒரு குரூப் உரையாடலை நீங்களே எழுதி அச்சடியுங்கள். பன்னிரண்டு செய்திகள் போதும். முதல் மூன்று சாதாரண அரட்டை, நான்காவதில் ஒருவன் தூங்கும்போது எடுத்த படம், ஐந்தாவதில் அது ஸ்டிக்கராகிறது, ஏழாவதில் அவனே ஒரு சிரிப்பு ஸ்மைலி போடுகிறான், எட்டாவதில் "டேய் போதும்", ஒன்பதிலிருந்து மேலும் நான்கு ஸ்டிக்கர். உங்கள் பள்ளியில் நடந்த சம்பவமாக இருக்கக்கூடாது, வகுப்பில் உள்ள யாருடைய பெயரும் வரக்கூடாது.

முதல் பத்து நிமிடம், எந்த வரியில் இது வேடிக்கையிலிருந்து மாறியது என்று ஒவ்வொருவரும் தனியாக அடிக்கோடிட வேண்டும். சிலர் நான்கில் போடுவார்கள், சிலர் ஐந்தில், பெரும்பாலோர் எட்டுக்குப் பிறகு. எந்த வரி என்பதற்குத் தீர்ப்பு சொல்லாதீர்கள், அந்தக் கருத்து வேறுபாடுதான் பாடம். படமெடுக்கும்போதே அனுமதி கேட்கவில்லை என்று ஒரு பிள்ளை கட்டாயம் சொல்லும், அங்கே கொஞ்சம் நில்லுங்கள். அடுத்த பதினைந்து நிமிடம் நால்வர் குழுவாக, ஆறாவது செய்தியில் குரூப்புக்குள் வரும் நீ என்ன தட்டுவாய் என்று எழுத வேண்டும். "ஆதரவு தருவேன்" என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். போனில் அனுப்பும் வார்த்தை அப்படியே வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தில், உனக்கு நடந்தால் எந்தப் பெரியவரிடம் போவாய் என்று ஒரு சீட்டில் பெயர் எழுதித் தானே வைத்துக்கொள்ளட்டும். மீதி ஐந்து நிமிடம் எப்படியும் போய்விடும்.

செய்யக்கூடாதவை: "யாருக்கெல்லாம் இப்படி நடந்திருக்கு, கை தூக்குங்க" என்று கேட்பது. துன்புறுத்தலால் இறந்த பிள்ளையின் கதையைக் காணொளியாகப் போடுவது. ஏற்கனவே நொந்திருக்கும் பிள்ளைக்கு அது இதற்குத் தீர்வு சாவுதான் என்று காட்டிவிடும். வருடத்துக்கு ஒரு நாள் பெரிய மனிதரைக் கூட்டிவந்து பயமுறுத்திவிட்டுப் போவதும் வேலைக்கு ஆகாது. ஆய்வாளர்கள் தோஃபியும் ஃபாரிங்டனும் 2011-இல் பல நாட்டுப் பள்ளிகளின் துன்புறுத்தல் தடுப்புத் திட்டங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, துன்புறுத்தல் சராசரியாக 20 முதல் 23 விழுக்காடு குறைந்திருந்தது. நீண்ட நாள் தீவிரமாக நடந்த, பெற்றோரையும் சேர்த்துக்கொண்ட திட்டங்களில் பலன் கூடுதலாக இருந்தது.

இருவரையும் உட்காரவைத்துக் கை குலுக்கச் சொல்லலாமா?

வேண்டாம். சம பலமுள்ள இருவர் சண்டை போட்டால் சமாதானம் பேசலாம். இங்கே ஒருவன் பயத்தில் இருக்கிறான், அறையில் "பரவாயில்ல சார்" என்பான், வெளியே வந்ததும் "போட்டுக் குடுத்தியா" என்று தொடங்கும். தனித்தனியாகப் பேசுங்கள். முதலில் பாதிக்கப்பட்டவரிடம், பிறகு செய்தவர் பலர் என்றால் ஒவ்வொருவரிடமும் தனியாக, அவர்கள் கலந்து பேசி ஒரே கதை தயார் செய்வதற்கு இடைவெளி இல்லாமல், அடுத்தடுத்து. ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் மறுபடி கேளுங்கள். பெரும்பாலான பள்ளிகள் தவறவிடுவது இந்த இரண்டாவது விசாரிப்பை.

எடுத்த எடுப்பில் பள்ளியை விட்டு நீக்குவதும் உதவாது. தண்டனை அவ்வளவு பெரிது என்றால் பிள்ளைகள் புகார் சொல்லத் தயங்குவார்கள், ஆசிரியர்களும் கண்டும் காணாமல் இருப்பார்கள்.

செய்தது எங்கள் பிள்ளை என்று தெரிந்தால்?

"என் பிள்ளை அப்படிச் செய்யாது" என்ற வாக்கியத்தை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். அவன் போனில் முழு உரையாடலையும் அவனோடு சேர்ந்து படியுங்கள், வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தட்டும்போது தெரியாத கனம் வாயில் வரும்போது தெரியும். பிறகு செய்யவேண்டியது சரிக்கட்டுதல். பதிவை நீக்குவது, ஸ்டிக்கரை வைத்திருப்பவர்களிடம் தானே கேட்டு நீக்கச் செய்வது, அனுப்பிய குரூப்பிலேயே "நான் செஞ்சது தப்பு" என்று எழுதுவது. நேரில் மன்னிப்பு என்பது எதிர்ப்பக்கம் விரும்பினால் மட்டும். அவனை யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற பிள்ளைகள் நிறைய உண்டு.

கடவுச்சொல் பற்றி என்ன சொல்லிக்கொடுப்பது?

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்கள், ஒவ்வொரு கணக்குக்கும் வேறு, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பு ஆன். மாதாமாதம் மாற்றவேண்டும் என்ற பழைய விதி இப்போது இல்லை. கசிந்தால் மாற்றினால் போதும்.

பிள்ளைகளின் உலகில் ஆபத்து ஹேக்கரைவிட நெருங்கிய நண்பனிடமிருந்து. "என்மேல நம்பிக்கை இருந்தா பாஸ்வேர்டு குடு" என்பது அன்பின் அடையாளமாகவே நடக்கிறது, பிரிந்த மறுநாள் அதே கணக்கிலிருந்து அசிங்கம் போகிறது. போனை அரை நிமிடம் இரவல் வாங்கி, வாட்ஸ்அப்பைத் தன் கணினியில் இணைத்துக்கொண்டு வாரக்கணக்கில் படிப்பதும் உண்டு. அமைப்புகளில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதியைத் திறந்து, தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றுவதை வகுப்பில் எல்லோரையும் ஒரு தடவை செய்யவையுங்கள். "தவறுதலாக உனக்கு ஆறு இலக்க எண் வந்திருக்கும், அனுப்பு" என்று நண்பன் பெயரில் வரும் செய்தி, உங்கள் கணக்கைத் திருடும் முயற்சி.

கண்காணிப்புச் செயலி போடலாமா?

சிறு பிள்ளைக்குப் போடலாம், சொல்லிவிட்டு. ஆப்பிளின் ஸ்கிரீன் டைம், கூகுளின் ஃபேமிலி லிங்க் போன்றவை நேரத்தையும் செயலி நிறுவுவதையும் கட்டுப்படுத்தும். பதின்மூன்று பதினான்குக்கு மேல் ரகசியமாகச் செய்திகளைப் படிப்பது பெரும்பாலும் எதிராகத் திரும்பும். கண்டுபிடித்த அன்றே இரண்டாவது கணக்கு, நண்பன் போன். நீங்கள் பார்க்கும் கணக்கு பளிச்சென்று சுத்தமாக இருக்கும். அதைவிட ராத்திரி எல்லோருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஏறட்டும். நடு இரவில் மோசமான செய்தியைத் தனியாகப் படிக்கும் நிலை வராது.

படத்தில் இருப்பிடம் தெரியுமா?

கேமராவில் இருப்பிட அனுமதி ஆனில் இருந்தால், படக் கோப்புக்குள் அட்சரேகை தீர்க்கரேகை பதிவாகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். ஆனால் சீருடைச் சின்னமும், பின்னால் தெரியும் பெயர்ப்பலகையும், தினமும் ஒரே நேரத்தில் போடும் ஸ்டோரியும் சொல்வது அதைவிட அதிகம். அந்த இடத்தைவிட்டு வந்தபிறகு போடு என்பது எளிய விதி.

பொய்ச் செய்தியை எப்படிக் கண்டுபிடிக்கச் சொல்வது?

அந்தப் பக்கத்தையே உற்றுப் பார்க்காமல், புதுத் தாவல் திறந்து அதைப் பற்றி மற்றவர் என்ன சொல்கிறார்கள் என்று தேடச் சொல்லுங்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் கவனித்ததில், தொழில்முறை உண்மை சரிபார்ப்பவர்கள் செய்தது இதைத்தான். வகுப்புத் தோழியைப் பற்றிய வதந்திக்கும் இதே பழக்கம் பொருந்தும்: யார் முதலில் சொன்னது, அவர் நேரில் பார்த்தாரா?

புகார் கொடுத்தும் தளம் நீக்கவில்லை. அடுத்து?

முதல் பதில் பெரும்பாலும் இயந்திரத்தினுடையது. மறுபரிசீலனை கேட்கும் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். வகையை மாற்றிப் பாருங்கள்: "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது எடுபடாது, "துன்புறுத்தல்", "ஆள்மாறாட்டம்", "சிறுவரின் அந்தரங்கப் படம்" என்று இருப்பதில் சரியானதைத் தேர்ந்தெடுங்கள். போலிக் கணக்கு என்றால் ஆள்மாறாட்டப் பிரிவில், பாதிக்கப்பட்டவரோ அவர் பெற்றோரோ புகார் கொடுப்பது வேகமாக நகரும். ஐம்பது நண்பர்களைத் திரட்டி ஒரே பதிவை ரிப்போர்ட் செய்யவைப்பதால் எண்ணிக்கைக்காக நீக்கிவிட மாட்டார்கள். விவரமாக எழுதிய ஒரு புகார் போதும். எழுத இடம் இருந்தால், தமிழில் உள்ள வசவு என்ன பொருள், ஏன் அது மிரட்டல் என்று இரண்டு வரி ஆங்கிலத்தில் விளக்குங்கள். புகார் எண்ணையும் பதிலையும் படமெடுத்து அதே நோட்டில் சேருங்கள். பல நாடுகளில் இணையப் பாதுகாப்புக்கென அதிகார அமைப்போ உதவி மையமோ இருக்கிறது. தளத்திடம் ஏற்கனவே கேட்டீர்களா என்றுதான் அவர்கள் முதலில் விசாரிப்பார்கள், அப்போது அந்தப் புகார் எண் தேவைப்படும்.